ஆறாம் மாதச் சந்திப்பு

சஸ்கட்டூனில் ஜூன்.
இரவு பத்து மணிக்கும் வெளியே வெளிச்சம்.
ஜன்னல் இல்லாத அறையில் எட்டுப் பேர்
ஆய்வாளராகப் பழகிக்கொண்டிருந்தோம்.

முதல் நாள் சொற்களைப் பறித்துக்கொண்டார்கள்.
குடிகாரன் என்று எழுதாதே.
அடிமை என்று எழுதாதே.
சிறுநீர் சுத்தம் என்றும் எழுதாதே,
அது சுத்தம் என்றால் மற்றது அழுக்கா?
ஆளை முதலில் எழுது, கோளாறைப் பின்னால்.

அன்றிரவு ஸ்காபரோவிலிருந்து அம்மா:
"குடிகாரருக்கோ பிள்ளை இவ்வளவு படிப்பு?"
பொருள் பயன்பாட்டுக் கோளாறு என்றேன்.
"பொருளோ? காசைச் சொல்லுறியோ?"
இல்லையம்மா.
"அப்ப அர்த்தமோ?"
குழம்பு அடிப்பிடிக்குது என்று வைத்துவிட்டா.
அணைந்த போனோடு
அந்த ஒரு சொல்லுக்குள் நின்றுகொண்டிருந்தேன்.
காசு, அர்த்தம், தூள்
மூன்றும் ஒரே வாசலால் வந்துபோகிற வீடு.

இரண்டாம் வாரம் ஒருவரை ஒருவர் பேட்டி கண்டோம்.
டேலின் கேட்டாள், நான் நடித்தேன்.
கடந்த முப்பது நாளில் எத்தனை நாள்?
பன்னிரண்டு என்றேன், வாய்க்கு வந்தது.
குறித்துக்கொண்டாள். முகத்தில் ஒன்றும் இல்லை.
முகத்தில் ஒன்றும் இல்லாமலிருக்கத்தான்
அந்த இரண்டு வாரமும்.

பிறகு வளைகோடு.
உயிரோடிருப்போரின் கோடு படியிறங்கும்.
இறந்தவருக்கு ஒரு படி.
தொலைந்தவருக்குச் சிறு குத்துக்கோடு மட்டும்;
இருக்கிறாரா இல்லையா,
கணக்கு அதற்குமேல் கேட்காது.

எனக்கு வந்த முதல் ஆள் 0417.
பெயர் பூட்டிய அலமாரியில். சாவி என்னிடம் இல்லை.
அவர் வாயால் சொன்ன பெயரை
மறக்கப் பயிற்சி பெற்றிருந்தேன்.
என் வயதுதான். கூரை வேலை.
முதுகு, மாத்திரை, மாத்திரை நின்றபின் வந்தவை.
தமிழில் நினைக்கும்போது 'அவன்' என்று வருகிறது,
திருத்திக்கொள்கிறேன், அவர்.

பதினாலாம் கேள்வியில் என்னை நிறுத்தினார்.
"நாள் என்றால் எது? தூங்கி எழுந்தால்தான் நாளா?
போன மாதம் ஒரேயடியாக ஐந்து நாள் தூங்கவில்லை.
அது ஒன்றா, ஐந்தா?"
கையேட்டைப் புரட்டினேன். இல்லை.
ஐந்து என்று எழுதி, ஒன்று என்று திருத்தி,
மறுபடி ஐந்து.
அந்தக் கட்டம் இன்னும் எனக்கு அரிக்கிறது.

மூன்றாம் மாதம் வந்தார்.
இருபது டாலர் அட்டையை வாங்கிக்கொண்டு போனார்.
ஆறாம் மாதம் வரவில்லை.
போன் எண் பாவனையில் இல்லை.
தங்குமிடத்தில் அவர் கட்டில் வேறொருவருக்கு.
மைனஸ் முப்பத்தொன்றில்
இருபதாம் தெரு முழுக்க நான் நடந்தது
நெறிமுறையில் எங்கும் எழுதப்படாத காரியம்.
நடந்தேன். மூக்குக்குள் மயிர் உறைந்து குத்தியது.

சந்திப்புக்கு ஒரு சாளரம் உண்டு, பதினாலு நாள்.
எங்கள் அறைக்கு வாய்த்த ஒரே சாளரம் அதுதான்.
பதினாலாம் நாள் மாலை ஐந்துக்கு அதைச் சாத்தினேன்.
தொடர்பிழந்தவர். குறியீடு 98.
திரையில் கோட்டின்மேல் ஒரு குத்து முளைத்தது,
நுளம்புக் கால் அளவில்.

பதினாறாம் நாள்,
வாசலில் சப்பாத்திலிருந்து பனி உதறுகிற சத்தம்.
0417.
காது நுனி கறுத்திருந்தது. ஒரு கைக்குத்தான் கையுறை.
"பிந்திவிட்டேனா?"
பிந்திவிட்டீர்கள், இரண்டு நாள்,
இன்றைய விடைகள் கணக்கில் சேராது என்றேன்.
அதை ஒரு வாய் சிரிப்போடு சொல்லியிருக்கிறேன்;
டேலின் எட்டிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

அட்டையைக் கொடுத்தேன்.
விலகல் படிவத்தை எடுத்து
காரணம் என்ற இடத்தில்
'பங்கேற்பாளர் உயிரோடு வந்தார்' என்று எழுதி
அடித்துவிட்டு
'காலதாமதம்' என்று எழுதினேன்.

அவர் போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டார்.
"அந்தப் பதினாலாம் கேள்வி," என்றார்,
"யோசித்துப் பார்த்தேன்."