தட்டிப் பார்ப்பவன்

பர்கூர் பக்கம் ஒரு கிரானைட் பட்டறையில்
தட்டிப் பார்ப்பது என் வேலை.
ஆளுயரப் பலகைக் கல்லை விரல்கணுவால் தட்டினால்
நல்ல கல் ணங்கென்னும்.
உள்ளே மயிரிழை ஓடியிருந்தால்
ஈரத் துணியைத் தட்டியதுபோல் ஒரு சத்தம்.
சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டுவிட்டு
அடுத்த கல்லுக்குப் போவேன்.
பத்தொன்பது வருஷம்.
முதலாளிகூட என் குறியை அழித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை அதே கணுவோடு
கிருஷ்ணகிரி பழையபேட்டை, பாபாஜான் கடை.
செத்த பேட்டரி, சைக்கிள் ரிம், மாங்கூழ் டின்களுக்கு நடுவே
எனக்கென்று ஒரு சாக்கு ஒதுக்கியிருப்பார்.
"பீங்கான் சார், இந்த வாரம் ஒண்ணுமில்ல"
என்றால் இருக்கிறது என்று அர்த்தம்.

அப்படித்தான் வந்தது அந்தக் கிண்ணம்.
காவேரிப்பட்டணத்தில் ஒரு வீட்டை இடித்தபோது
பரண்மேல் புளிப்பானைக்குள்
வைக்கோல் சுற்றிக் கிடந்ததாம்.
உள்ளே நீலத்தில் ஒரு மீன்.
மீசை இரண்டையும் நிதானமாய் இழுத்தவன்
வாலை அவசரமாய் முடித்திருந்தான்,
சாப்பாட்டு மணி அடித்திருக்கும்.
அடியில் ஆறு சீன எழுத்து.
பக்கத்திலேயே உளிமுனையில் புள்ளி புள்ளியாக
கோ. வெ.
பந்தியில் மாறிப் போய்விடக்கூடாதென்று
பித்தளைக்கு வெட்டுகிற மாதிரி யாரோ வெட்டியது.
அந்த ஆறும் எனக்குத் தெரியாது.
எழுதியவனுக்கு இந்த இரண்டும் தெரிந்திருக்காது.
தட்டினேன்.
ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது,
சேலம் பஸ் ஒன்று ஹாரன் அடித்துப் போனது,
இரண்டும் ஓய்ந்த பிறகும்
அது கொஞ்ச நேரம் நின்றது.

நாலாயிரத்து இருநூறு.
மல்லேஸ்வரியிடம் நூற்றைம்பது என்றேன்.
அவள் கிண்ணத்தைப் பார்க்கவில்லை,
என் சட்டைப் பையைப் பார்த்தாள்.
"நூத்தம்பதுக்கு எவர்சில்வர் டம்ளர் ரெண்டு வரும்."
அதோடு சரி.

வீட்டில் முப்பத்தொரு பீங்கான்.
எனாமல் கணக்குத் தனி:
மிஷன் ஆஸ்பத்திரி ஏலத்தில் எடுத்த கிட்னி டிரே,
நீல விளிம்பு போட்ட பேசின்,
பட்டாளத்துக்காரர் ஒருவரின் மூடி தொலைந்த தூக்கு.
எனாமலைத் தட்டிப் பார்க்க வேண்டியதில்லை.
எங்கெங்கே விழுந்ததோ அங்கங்கே
கறுப்பாய் ஒரு வட்டம், நடுவில் துரு.
யார் வேண்டுமானாலும் எண்ணலாம்.

போன மாதம் இரண்டு ஷிப்ட் முடித்து வந்த ராத்திரி
அலமாரியைத் திறந்தேன்.
மீன் கிண்ணம் அதன் இடத்தில்தான் இருந்தது.
ஆனால் பலகை நுனிவரை தள்ளி.
நான் ஒருநாளும் அப்படி வைக்கமாட்டேன்.
பழக்கத்தில் கணு போய்த் தட்டியது.

ஈரத் துணி.

வெளிச்சத்துக்குத் திருப்பினேன்.
மீசையிலிருந்து விளிம்புவரை ஒரு கோடு,
இரண்டு இடத்தில் பசையின் மினுக்கம்.
நன்றாகத்தான் ஒட்டியிருந்தாள்.
அறுந்த மீசை அறுந்த மீசையோடு
பிசகாமல் சேர்ந்திருந்தது.
எத்தனை நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு
அழுத்தியிருப்பாளோ.
காலி டியூப், குப்பைக்கூடையில்
காகிதம் சுற்றி வெங்காயத் தோலுக்கு அடியில்.

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது.
நான் தட்டியது கேட்டிருக்கும்.
சட்டைப் பையில் சாக்பீஸ் இருந்தது.
நாலாயிரத்து இருநூறு நாக்குவரை வந்து
நூற்றைம்பதில் இடறி நின்றது.
நூற்றைம்பது ரூபாய்க்கு
எவ்வளவு கோபப்பட முடியும் ஒரு மனுஷன்?

கிண்ணத்தை அவள் வைத்த மாதிரியே
நுனியில் வைத்தேன்.

"என்ன சத்தம்?"
"சும்மா. தூசி தட்டினேன்."

தோசையை எனாமல் தட்டில் போட்டு நீட்டினாள்.
பெங்களூர்க்காரன் ஒருத்தன் ஐந்நூறுக்குக் கேட்டும்
கொடுக்காத தட்டு.
விளிம்பில் நாலு கறுப்பு என்று ஞாபகம்.
எண்ணினேன்.
ஐந்து.