குளிர்காலமா?

ஓவுலு நகரில், எங்கள் குடியிருப்பின் நிலவறையில்
பனிச்சறுக்குக் கட்டைகளுக்கும்
யாரும் உரிமை கோராத குழந்தை வண்டிக்கும் நடுவே
மூடி உடைந்த மடிக்கணினி ஒன்று
கேக் ஆறவைக்கும் கம்பி வலைமேல் படுத்திருக்கிறது.
அடியில் காற்றுப் போகட்டும் என்று வைத்தது.
பேட்டரி எப்போதோ உப்பி, கழற்றிப் போட்டாயிற்று.
அதுதான் எங்கள் சர்வர்.

இருபத்திரண்டு வீடு, ஒரு சௌனா.
யார் எப்போது வியர்ப்பது என்பதை
முன்பு ஒரு நிறுவனம் சொல்லிக்கொண்டிருந்தது,
மாதம் நாற்பது யூரோவுக்கு.
எழுபது என்றார்கள்.
பிறகு, உங்கள் திட்டம் நிறுத்தப்படுகிறது என்றார்கள்.
சனிக்கிழமை மாலை ஆறு மணி யாருடையது என்ற தகவல்
அவர்களோடு போய்விட்டது.

நான் பல் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள்.
நிரல் எழுதுவது ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம்,
சிலர் காளான் பறிக்கப் போவதுபோல.
மூன்று ஞாயிறு. அறுநூற்றுப் பத்து வரி.
கடவுச்சொல் கிடையாது,
வீட்டு எண்ணைச் சொன்னால் போதும்.
அடுத்த வீட்டின் எண்ணைச் சொல்லி முறையைத் திருடுபவன்
மறுநாள் படிக்கட்டில் அந்த முகத்தைப் பார்த்தாக வேண்டும்.
அதைவிடப் பலமான பூட்டு எனக்கு எழுதத் தெரியாது.

உள்ளே ஒரு சின்னக் கேள்வி:
குளிர்காலமா?
நவம்பர் முதல் மார்ச் வரை ஆம். மற்றபடி இல்லை.
ஆம் என்றால்,
அடுப்பை ஒரு மணி முன்பே மூட்டு என்று
முறைக்காரருக்கு நினைவூட்டும்.
இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

பிப்ரவரியில் ஒருநாள் மின்சாரம் போய் வந்தது.
கடிகாரத்தின் பொத்தான் பேட்டரி செத்திருந்தது எனக்குத் தெரியாது.
மணி கேட்க இணையமும் இன்னும் எழவில்லை.
விழித்த இயந்திரம்
இன்று 1970, ஜனவரி ஒன்று என்று நம்பியது.
அன்றைக்கு எங்களில் பாதிப்பேர் பிறக்கவில்லை,
இந்தக் கட்டிடமே இல்லை,
ஆகவே எல்லா நேரமும் காலி.
நான்கு வீட்டார், துண்டும் கையுமாய்,
ஒரே கதவின் முன்னால்.

நிறுவனத்தைக் கூப்பிடுங்கள் என்றது ஒரு குரல்.
எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.
நான் குளியல் அங்கியில் நின்றிருந்தேன்.

ஏழாம் எண் ஹியெதனென்
பென்சிலால் ஒரு தாள் எழுதி ஒட்டினார்.
மறுநாள் அந்தத் தாளைப் பார்த்துத்தான் தட்டச்சு செய்தேன்.
இரண்டு யூரோவுக்குப் புது பேட்டரி.
கூடவே ஒரு வரி:
நேரம் பின்னால் நடந்தால்
வாயைத் திறக்காதே.

நிரலைப் பொதுவில் வைத்திருந்தேன்,
வேண்டியவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று.
எத்தனை பேர் எடுத்தார்கள் என்று எண்ணும் வரி அதில் இல்லை.
இருந்தால், எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருப்பேன்.

ஜூலையில், இருட்டாத ஓர் இரவில், கடிதம் வந்தது.
உருகுவேயிலிருந்து, தாக்குவாரெம்போ என்ற ஊர்.
வில்தெர் எச்செவெர்ரி எழுதியிருந்தார்:
எங்கள் கூட்டுறவுக் குடியிருப்பில் பதினொரு வீடு,
முற்றத்தில் ஒரு ரொட்டி அடுப்பு.
முறை பார்க்க உங்கள் நிரல்தான், இரண்டு வருடமாக.
செங்கல் விறைத்துக் கிடக்கிறது,
விடியலில் புல்மேல் வெள்ளை.
உங்கள் நிரலோ இது கோடை என்கிறது.

திருத்தத்தையும் அவரே அனுப்பியிருந்தார், ஒன்பது வரி.
கீழே ஒரு சந்தேகம்:
அட்டவணையில் லோயுலு என்று ஒரு பத்தி இருக்கிறதே, அது என்ன?
எதுவும் உடைந்துவிடுமோ என்று அழிக்காமல் விட்டோம்.
மாவு பொங்கிவிட்டதா என்பதை அதில் குறிக்கிறோம்.
பிள்ளைகள் இப்போது மாவைத் தொட்டுப் பார்த்து
லோயுலு வந்தாச்சு என்கிறார்கள்.

சுட்ட கல்லில் தண்ணீர் ஊற்றினால்
எழுந்து முகத்தில் அறையும் ஆவிக்கு எங்கள் சொல் அது.
எழுதினேன். அனுப்பவில்லை. அழித்தேன்.
சரியாகத்தான் பயன்படுத்துகிறீர்கள் என்று மட்டும் அனுப்பினேன்.

ஒன்பது வரியையும் சேர்த்தாயிற்று.
குளிர்காலமா என்று கேட்டால்
இப்போது அது முதலில் திருப்பிக் கேட்கிறது:
எங்கே?

ஹியெதனெனிடம் இதையெல்லாம் சொன்னேன்.
கண்ணாடியைத் துடைத்தபடி நெடுநேரம் யோசித்தார்.
அந்த ரொட்டி அடுப்பில், என்றார்,
சனிக்கிழமை மாலை ஆறு மணி
யாருடையது?