மூன்று மணித்தியாலம்

பாடத்துக்குப் பாடம் பொருந்தவேணும் என்றாள் மாரிசெல்,
மூன்றாம் மாடி, பரிமாற்ற அலுவலகம்.
மேசையில் பாதி கடித்த அப்பிள்.
பக்கத்தில் என் அடுத்த வருடம், இரண்டு பக்கமும் அச்சிட்டு.

உப்சாலாவின் மண் வேதியியல்
எட்மன்டனின் மண் வேதியியலுக்குப்
பத்தில் எட்டுப் பொருத்தம்.
விரிவுரை சரி, புள்ளி சரி.
ஆய்வுகூடம் மட்டும்
அங்கே முப்பத்தாறு மணித்தியாலம்,
இங்கே முப்பத்தொன்பது.
மூன்றை எங்கே போய் வாங்குவது?
"துறைத்தலைவர் கையெழுத்து," என்றாள்,
அப்பிளை மறுபடி எடுத்தபடி.

வெளியே மைனஸ் இருபத்தெட்டு.
ரயில் மேடையில் ஒற்றை வெப்பவிளக்கு,
அதன் கீழே முகம் தெரியாத ஏழு பேர்,
ஒருவர் மூச்சில் ஒருவர்.
நான் ஸ்வீடிஷ் பாடத்திட்டத்தைக்
கைபேசியில் பெயர்த்துக்கொண்டிருந்தேன்.
'களிமண்ணின் பொறுமை' என்று வந்தது.
பிறகுதான் புரிந்தது, 'படிவு வேகம்'.

அம்மா ஆஸ்பத்திரிச் சலவையில் இரவு வேலை முடித்துச்
சப்பாத்தோடே குசினிக்குள் நின்றா.
"வெளிநாடு போகப்போறன் எண்டுறாய்.
அப்ப இது என்ன நாடு?"
நான் பிறந்தது மில்வுட்ஸில்,
இரண்டு பஸ் தள்ளி.
அவவுக்கு விளக்க ஒரு சொல் தேடினேன்.
அதற்குள் அவ அரிசி களையத் தொடங்கிவிட்டா.

விசாவுக்குக் காசு காட்டவேண்டும்,
மாதம் இவ்வளவென்று, ஆறு மாதத்துக்கு.
அம்மா சீட்டைக் கழிவு போட்டு எடுத்தா,
பன்னிரண்டில் நாலாவது,
அறுநூறு டொலர் நட்டம்.
வங்கியில் கேட்டார்கள்: இந்தத் தொகை எங்கிருந்து?
சீட்டு என்றேன். லொத்தரா என்றார்கள்.
இல்லை, பன்னிரண்டு பேர், ஒரு கொப்பி,
மாதக் கடைசி ஞாயிறு சறோவின்ர வீட்டில் தேத்தண்ணி.
அந்தப் பெண் தட்டச்சை நிறுத்தி
என்னைப் பார்த்தாள்.
'குடும்ப உதவி' என்று போட்டாள்.
பொய் இல்லை.

பேராசிரியர் ஒலெக்சுக்
படிவத்தைக் கண்ணாடி இல்லாமல் வாசித்தார்,
பிறகு கண்ணாடியோடு.
"மூன்று மணித்தியாலமா?
சனிக்கிழமை வா. ஒன்பதுக்கு.
துகள் அளவு. தனியாகச் செய்."

சனிக்கிழமை.
கட்டிடம் முழுக்க நானும் காற்றோட்டக் குழாயும்.
மண் ஐம்பது கிராம், பிரிக்கும் உப்பு,
ஒரு லீற்றர் உருளை.
கலக்கித் தூக்கி மேசையில் வைத்து
நிறுத்தற்கடிகாரத்தை அழுத்தினேன்.

மணல் நாற்பது விநாடியில் இறங்கிவிட்டது,
வந்த இடத்திலேயே குந்தும் ஆள் போல.
வண்டல் கொஞ்சம் யோசித்தது.
களி மட்டும் இறங்கவேயில்லை.
பத்தரைக்கும் தேத்தண்ணி நிறம்,
பதினொன்றுக்கும் அதே.
இடையில் சல்லடைகளைக் கழுவினேன்,
மெல்லிய தூரிகை, அடிப்பக்கத்திலிருந்து மட்டும்,
இல்லாவிட்டால் கண்ணி விரிந்துவிடும்.
ஒரு மணி நேரம் எதையும் நினைக்கவில்லை,
விமானக் கட்டணத்தைக்கூட.

பன்னிரண்டுக்கு அவர் வந்தார்,
மேற்சட்டையில் உருகாத பனி.
என் எண்களைப் பார்த்தார்.
ஒன்றைத் திருத்தச் சொன்னார், வெப்பநிலை பிழை.
திருத்தினேன்.
உருளைக்குப் பக்கத்திலேயே வைத்துக்
கையெழுத்துப் போட்டார்.
பேனை முதல் எழுத்தில் எழுதவில்லை,
உதறி மறுபடி.
"இனி ஊற்றிவிடு," என்றார், போனார்.

படிவத்தைப் பைக்குள் வைத்தேன்.
ஜாக்கெட் போட்டேன், கையுறை ஒன்று போட்டேன்.
களி இன்னும் மேலேதான் நின்றது.
கழுவுதொட்டி இரண்டு அடி.

மற்றக் கையால்
ஒரு மஞ்சள் துண்டில் எழுதி ஒட்டினேன்:
ஊற்றவேண்டாம். திங்கள் வரை.
கீழே என் பெயர்.