டெஸ்ட் லேம்ப்

என் செட்டில் அது நிற்பதே இல்லை.
செங்கோட்டைச் சாரல் தகரத்தைத் தட்ட
இரண்டு டீ குடிக்கும் நேரம்
ஐடிலில் விட்டுப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.
பால் குடித்த பூனை மாதிரி உறுமிக்கொண்டிருந்தது
அறுபத்தாறாம் வருடத்து ஸ்பிட்ஃபயர்.

"ஆஸ்பத்திரி வாசல்ல எந்த மாடும் நொண்டாது மைதீனே"
என்றார் டாக்டர் சோசாம்மா.
புனலூரில் மாட்டு வைத்தியம் அவருக்கு.
அண்ணன்மார் எஸ்டேட்டைப் பங்கிட்டபோது
யாரும் கேட்காமல் கிடந்த இதை
டார்ப்பாயோடு இழுத்து வந்தவர்.

மூன்று பில் கொடுத்துவிட்டேன் இதுவரை.
கார்புரேட்டர் இரண்டையும் கழற்றிக் கழுவியதற்கு ஒன்று.
மதுரையில் தேடிப் பிடித்த ஹெரால்டு பம்புக்கு ஒன்று.
டேங்க் மூடியின் மூச்சுத் துளையைக்
குளவி மண்வைத்து அடைத்திருக்க
"கண்டுபிடிச்சாச்சு" என்று கத்தினேனே, அதற்குப்
பில் போடவில்லை. அவரே டீ வாங்கிக் கொடுத்தார்.
அந்த வாரமும் கோட்டைவாசலில் நின்றது.
மூன்றாவது பில், காயிலுக்கு.

எப்போதும் அங்கேதான்.
எஸ் வளைவில் லாரிக்குப் பின்னால்
வைக்கோல் தூசி குடித்து ஏறும்போது நிற்காது.
மேலே போய், சாலை நிமிர்ந்து,
அப்பாடா என்று கால் தளரும் இடத்தில்
பேச்சை நடுவில் விழுங்கியவனைப் போலச்
சட்டென்று.
முன்சக்கரம் கேரளாவில், பின்சக்கரம் நம்மிடம்.
சாவியைத் திருப்பினால் உடனே எழும்.
செக்போஸ்ட் ஏட்டு இரண்டு பாஷையிலும் சிரிப்பார்.
கருப்பசாமிக்கு ஒரு சுருட்டு வை பாய்
என்பான் வெங்காய லாரிக்காரன்.
சாமிக்கு அத்தனை வேலை இருக்க
இதையும் போய்க் கேட்பதா என்று விட்டுவிட்டேன்.

நேற்று ராத்திரி
காயிலிலிருந்து ஒரு நீள வயர் இழுத்து
ஒற்றைப் பல்பை மடியில் வைத்துக்கொண்டேன்.
டாக்டர் ஓட்டினார்.
ஓடும்வரை பல்பு படபடக்கும், அரை வெளிச்சம்.
பெட்ரோல் வராமல் நின்றால் படபடத்தே அடங்கும்.
காயிலுக்குக் கரண்ட் வராவிட்டால் இருட்டு.
இவ்வளவும் சொல்லி வைத்திருந்தேன்.
புளியரை வயலில் தவளைச் சத்தம் முடிந்தது.
வளைவுகள் முடிந்தன.
கால் தளர்ந்தது.

வண்டி செத்தது.
பல்பு பளிச்சென்று எரிந்தது.
என் சாரத்துக் கட்டமும் அவர் கைக்கடிகாரமும்
டேஷ்போர்டில் ஒட்டிய மாதாவும் தெரிய,
கியரில் உருண்ட அத்தனை தூரமும்
சிமிட்டாமல் எரிந்தது.

அப்படியென்றால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள்.
டார்ச்சை வாயில் கவ்வி மூடியைத் திறந்தேன்.
வாக்குவம் இழுத்தால் உள்தட்டு மயிரளவு திரும்பும்.
கூடவே போகவேண்டிய வயர், விரல் நீளம்.
மேலே உறைக்கு ஒரு பழுதில்லை.
உள்ளே ஒவ்வோர் இழையாக அறுந்து
முனையில் முனை
சும்மா சாய்ந்துகொண்டிருந்தது.
தட்டைச் சுண்டுவிரலால் நகர்த்தினேன், விலகியது.
விட்டேன், தொட்டது.

அதன் அடியில் பச்சை டேப்.

இந்த ஊரில் பச்சை டேப் வாங்குகிறவன் நான் ஒருவன்தான்.
பங்குனியில் பாயிண்ட் மாற்றிய அன்று
மெல்லிழை வயர் கிடைக்கவில்லை.
பெருநாளுக்கு இரண்டு நாள்தான் இருந்தது.
சீரியல் செட்டில் மிஞ்சிய வயரில் ஒரு துண்டு.
அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று
எனக்கு நானே சொன்னது.
சித்திரையில்தான் நிற்கத் தொடங்கியது வண்டி.
அந்தக் கணக்கை ஒருநாளும் போட்டுப் பார்க்கவில்லை.

"எந்தா கண்டது?" என்றார் இருட்டிலிருந்து.

கீழே ஒரு லாரி கியர் மாற்றி ஏறி வந்தது.
அது எங்களைத் தாண்டும்வரை
மூன்று பில்லையும் மனதில் கூட்டிக்கொண்டிருந்தேன்.
பிறகு டார்ச்சை வாயிலிருந்து எடுத்து
சாரத்தில் துடைத்து
அவர் கையில் கொடுத்தேன்.

"அந்தப் பச்சை டேப் தெரியுதா டாக்டர்?"