காலி லோரியின் எடை

பழைய பேப்பர் லிம் பெக் ஹோங்
கிலோ இருபது காசு என்றார்.
கிளப்பை இடித்தபோது வந்த கட்டு அது.
நடுவில் ஐந்து ஸ்கோர் புத்தகங்கள்,
கறையான் தின்றது போக மீதி.
ஒன்றரைக் கிலோ. முப்பது காசு.

சுங்கை தெராப் செம்பனை ஆலையில்
எனக்கு இரவு வேலை, தராசு மேடை.
லோரி ஏறும், எண் விழும், சீட்டைக் கிழிப்பேன்.
ஒரு லோரிக்கும் அடுத்த லோரிக்கும் நடுவே
ஐம்பத்தாறிலிருந்து அறுபத்தொன்று வரை
இங்கே மட்டை பிடித்த எல்லோரையும்
கணினியில் ஏற்றினேன்.

விட்கோம் துரை:
முப்பத்தெட்டு இன்னிங்ஸ், ஒன்பதில் அவுட் இல்லை,
ஆயிரத்து நூற்றிரண்டு ரன்.
சராசரி முப்பத்தெட்டு, பிசிறில்லாமல்.
கிளப் சுவரில் தங்க எழுத்தில் இருந்தாராம்.

எத்திராஜு, பால்வெட்டு, மேல் டிவிசன்:
முப்பத்தொன்று, ஐந்து, அறுநூற்றுப் பதினொன்று.
இருபத்து மூன்றரை.

"அப்புறம் என்ன, துரைதானே?"
லோரிக்கார ஞானப்பிரகாசம்
ஜன்னலில் முழங்கையை ஊன்றிக் கேட்டான்.
அவன் லோரி மேடையில் நின்றது,
இருபத்தோரு டன்.
உன் பழம் இருபத்தோரு டன்னா என்றேன்.
சிரித்தான்.
லோரியைக் கழிக்கணும்.

அப்படித்தான் கழித்தேன்.

துரை முதல் ஆளாக இறங்குவார்,
பகல் பதினொன்றுக்கு, உருளை ஓட்டிய தரையில்.
எத்திராஜு விடியுமுன் பெரட்டில் நின்று
முன்னூற்றைம்பது மரம் சீவி
பாலை ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு
ஏழாவது ஆளாக வருவான்,
மூன்று மணி மழை ஊறிய தரைக்கு.

எல்பி ஆகி துரை வெளியே போனது
ஒரு தடவைகூட இல்லை.
எத்திராஜு, இருபத்தாறில் பதினொன்று.
நடுவர் பெரிய கிராணி குஞ்ஞம்பு.
அவர் சம்பளத்தில் கையெழுத்துப் போட்டது யார் என்று
ஸ்கோர் புத்தகத்தில் கட்டம் இல்லை.

ஆறு தோட்டத்திலும் முதலில் இறங்கியவர்களை
மொத்தமாகக் கூட்டி வகுத்தேன்.
முப்பது புள்ளி நாலு.
தன் வரிசைக்காரர்களைவிட துரை ஒன்றேகால் மடங்கு.
ஏழாவதாக இறங்கியவர்களுக்கு ஒன்பது புள்ளி நாலு.
எத்திராஜு இரண்டரை.

சரியாக இரட்டிப்பு!
சீட்டின் பின்னால் எழுதி ஞானப்பிரகாசத்திடம் நீட்டினேன்.
அவன் முன்பக்கம் மட்டும் பார்த்து
சட்டைப்பையில் வைத்தான்.

இங்கே நிறுத்தியிருக்கலாம்.

ஐம்பத்தேழு ஆகஸ்டு, பதினெட்டு, ஞாயிறு.
மெர்டேக்காவுக்குப் பதின்மூன்று நாள்.
ஆள் குறைந்திருக்கிறது.
பதினோராவது வரியில் கிராணி,
அழகான சாய்வெழுத்து ஆங்கிலத்தில்,
'வேறொருவர்' என்று எழுதியிருக்கிறார்.
எண்பத்தெட்டு. அவுட் இல்லை.

அன்றைய பட்டியலில் எத்திராஜு பெயர் இல்லை.
கை பரபரத்தது.
சேர்த்தால் அவன் சராசரி இருபத்தேழைத் தொடும்.
சிரம்பானில் இருக்கும் மகள் புஷ்பலீலாவைப் பிடித்தேன்.
அவர் நேர்மையானவர்.
"அந்த மாசம் அப்பாவுக்கு அம்மை.
வேப்பிலையில படுத்திருந்தாரு."

துரையின் டிரைவர் என்கிறது கோப்பிக்கடை.
பந்து பொறுக்க வந்த மலாய்ப் பையன் என்கிறார் முடிவெட்டுகிறவர்.
எல்லோரிடமும் ஒரு பெயர் இருக்கிறது,
ஒருவரிடமும் தேதி இல்லை.

தனி வரி கொடுத்தேன்.
வேறொருவர். இன்னிங்ஸ் ஒன்று. அவுட் ஆகாதது ஒன்று.
ரன் எண்பத்தெட்டு.
சராசரிக் கட்டத்தில் கணினி முரண்டு பிடித்தது.
பூஜ்யத்தால் வகுக்க மாட்டேன் என்கிறது.

சிறியதிலிருந்து அடுக்கினேன், கடைசியில் போய் நின்றான்.
பெரியதிலிருந்து அடுக்கினேன்,
துரைக்கும் மேலே,
எத்திராஜுக்கும் மேலே
எண்ணில்லாத ஒரு பிழைக்குறி.
அதை அழிக்கவில்லை.

மணி நாலரை.
அடுத்த லோரி மேடையில் ஏறுகிறது,
எண் தகடு முழுக்கச் சேறு.
புது டிரைவர், இறங்காமல் கையை மட்டும் நீட்டுகிறான் சீட்டுக்கு.
எடை இருக்கட்டும் தம்பி,
பேரைச் சொல்லு.