வியாழக்கிழமை, தீயணைப்பு நிலையத்தின் மாடி

புந்தா அரேனாஸில் காற்று முற்றினால்
தெருமுனைகளில் கயிறு கட்டிவிடுவார்கள்.
பிடித்துக்கொண்டு நடக்கலாம்.
நான் பிடித்ததில்லை.
இருபத்தாறு வருடம் நண்டுப் படகில் போனவன்
கயிற்றைப் பிடித்தால் ஊர் என்ன பேசும்?

மகன் விஷயத்திலும் அதே வீம்பு.
இவோ எங்கே என்றவர்களிடம்
சாந்தியாகோவில் படிக்கிறான் என்றேன்.
அவனோ பின்னறையில்
ஜன்னலுக்குப் போர்வையை ஆணியடித்துவிட்டு
மூன்று குளிர்காலமாக.

வண்டி பஞ்சரானதால்தான் நெவெங்காவைத் தெரியும்.
ஜாக்கியை இறக்கியபடியே சொன்னாள்:
"வியாழன் ஏழு மணி. தீயணைப்பு நிலைய மாடி.
வரும்போது ரொட்டி வாங்கி வா."
எனக்குக் கோபம். யார் சொன்னது உனக்கு?
பின்சீட்டைக் காட்டினாள்.
ஆஸ்பத்திரி மருந்து உறை.
"இதே உறை என் வீட்டில் நாலு கட்டு இருக்கு."

ஒன்பது நாற்காலி, பதினோரு பேர்.
கரும்பலகையில் யாரோ அழிக்காமல் விட்ட
தண்ணீர்க் குழாய்களின் வரைபடம்.
அதன்மேலேயே எழுதினாள்,
டாக்டர் இல்லை, டயர் கடைக்காரி:
அந்தக் குரல்களோடு வாதாடாதே.
அவனை விட்டுக்கொடுக்கவும் செய்யாதே.

பள்ளிப் பேருந்து ஓட்டும் ஃப்ரெசியா
தன் இரட்டைச் சகோதரியைப் பற்றிச் சொல்லும்போது
"நான்" என்றும் "அவள்" என்றும் மாறி மாறிச் சொன்னாள்.
யாரும் திருத்தவில்லை.
பதினாறு வயது குஸ்தோதியோ
அம்மாவின் மாத்திரைப் பெயர்களைக்
கால்பந்து அணி போல ஒப்பித்தான்,
யார் எந்த வருடம் நீக்கப்பட்டார் என்பது உட்பட.

மூன்றாவது வாரம் என்னை நடுவில் உட்காரவைத்தார்கள்.
இடது காதில் குஸ்தோதியோ, வலது காதில் ஃப்ரெசியா,
நிறுத்தாமல் கிசுகிசுத்தார்கள்:
பார்க்கிறார்கள், சிரிக்கிறார்கள், எழுந்திரு,
எழுந்திருக்காதே, அது விஷம், முட்டாள்.
நெவெங்கா எதிரே நின்று நிதானமாய்:
"கடையில் வாங்க வேண்டியது நாலு. எழுதிக்கொள்.
மாவு, வெங்காயம், தீப்பெட்டி, சோப்பு."

நான் எழுதியது:
மாவு. மா.
பென்சில் முனை உடைந்தது.

போன ஆகஸ்டில்
வெங்காயம் வாங்கப் போய் வெறுங்கையோடு வந்தவனை
வாசலில் நிற்கவைத்து
சோம்பேறி என்றேன்.
பனி பெய்துகொண்டிருந்தது.
கதவைத் திறக்க எத்தனை நேரம் எடுத்தேன் என்று
அங்கே நான் சொல்லவில்லை.
இங்கேயும் சொல்லப் போவதில்லை.

அப்போதுதான் கீழே சைரன்.
கோப்பைகள் நடுங்கின. வண்டி பாய்ந்தது.
சத்தம் தேய்ந்ததும் ஃப்ரெசியா,
"அந்த வீட்டுக்காரனிடம் யாரும்
நீ என்ன பாவம் செய்தாய் என்று கேட்க மாட்டார்கள்" என்றாள்.
முதலில் சிரித்தது குஸ்தோதியோ.
அப்புறம் எல்லோரும், கண்ணைத் துடைக்கும் அளவுக்கு,
யார் வீடு எரிகிறது என்ற வெட்கத்தோடு.

திரும்பும்போது காற்று.
ஒரு கையில் மிச்ச ரொட்டி.
மறு கை சும்மாதான் இருந்தது.
பிடித்தேன்.
இருட்டில் யாரும் பார்க்கவில்லை,
எதிரே அதே கயிற்றைப் பிடித்து வந்த
பாதிரியாரைத் தவிர.

வீட்டில் ஃப்ரிட்ஜின் ஒயர் பிடுங்கியிருந்தது.
பால் திரிந்த வாடை.
"அதற்குள்ளிருந்து பேசுகிறார்கள்" என்றான் இவோ.
ஒருவரும் இல்லையடா என்று
நாக்கு நுனிவரை வந்த பழைய பதிலை
விழுங்கினேன். மீன்முள் மாதிரி இறங்கியது.
"பயமா இருக்கா?"

என்னையே பார்த்தான்,
அறிமுகமில்லாத ஆளை எடைபோடுவது போல.
"கொஞ்சம்."
பிறகு, "அது என்ன, ரொட்டியா?"

நின்றபடியே சாப்பிட்டோம்.
குணமெல்லாம் ஆகவில்லை, போர்வை அப்படியேதான்.
அடுத்த பாடம் தூக்கம் பற்றி.
நெவெங்கா கட்டம் போட்ட தாள் ஒன்று தந்திருக்கிறாள்:
அவன் தூங்கிய மணிக்கு ஒரு வரிசை,
என் தூக்கத்துக்கு ஒரு வரிசை.
முதலாவதைத் தினமும் குறிக்கிறேன்.