பதினான்காம் ஷரத்து

லியெபாயாவில் காற்றுக்கு ஜன்னல் ஒரு பொருட்டல்ல.
இடுக்கில் நுழைந்து மைக்குக்குள் ஊதும்.
திரையில் ஹ ஹ ஹ என்று விழும்.
'அழி' என்பேன். அழியும்.
மறுபடி ஊதும்.

இரண்டு மணிக்கட்டிலும் நரம்பு மக்கர் செய்த பிறகு
வாய்தான் எனக்குக் கை.
திற. கீழே. இன்னும் கீழே. நிறுத்து.
காற்புள்ளியைக்கூட
'காற்புள்ளி' என்று சொல்லித்தான் வைக்க வேண்டும்.
சாயங்காலம் கடையில் போய்
'கறுப்பு ரொட்டி காற்புள்ளி பால்' என்று
கேட்டிருக்கிறேன் ஒருநாள்.
கடைக்காரி சிரிக்கவில்லை.
அவளும் நாளெல்லாம் விலை சொல்லி ஓய்ந்தவள்.

நேற்று ஒரு மர ஏற்றுமதி ஒப்பந்தம்,
ஜெர்மனிலிருந்து லாட்வியனுக்கு.
பதினான்காம் ஷரத்தில் பாதி வந்திருந்தேன்.
துறைமுக ஷிஃப்ட் முடித்து
ஆக்ரிஸ் உள்ளே வந்தான், சொட்டச் சொட்ட, பூட்ஸோடு.

எதற்குச் சண்டை என்று சொன்னால் வெட்கம்.
ஹீட்டர் பில். பிறகு அவன் அக்கா.
பிறகு பதினோரு வருடம்.

கணினியிடம் 'உறங்கு' சொல்ல மறந்திருந்தேன்.

கத்தி ஓய்ந்து திரும்பினால்:

சரக்கு நனைந்து வந்து சேரும் பட்சத்தில்
பூட்ஸைக் கழற்று எத்தனை தடவை
உன் அக்காவுக்கு மட்டும் பணம் எங்கிருந்து முளைக்கிறது
எப்போதாவது காது கொடுத்திருக்கிறாயா ஹ ஹ
எனக்குப் பயமாக இருக்கிறது
இந்தக் கை திரும்பி வராமலே போய்விட்டால்

ஒரு நிறுத்தற்குறி இல்லை.
அவன் பேசியதில் ஒரு சொல்லும் ஏறவில்லை;
என் குரலுக்கு மட்டும் பழகிய யந்திரம்.
அந்த ஹ ஹ
அவன் பெருமூச்சோ, காற்றோ.

என் தோளுக்கு மேலே குனிந்து படித்தான்.
கீழே போகப் போக மெதுவாக.
'கடைசியில் இதைச் சொன்னாயா வெல்கா?'
'சொல்லியிருக்கிறேன் போல.'
'நானும் கத்திக்கொண்டிருந்தேன்.'

'அழி' என்றான் திரையிடம்,
பக்கத்து வீட்டு நாயை அதட்டுகிற கூச்சத்தோடு.
அசையவில்லை.
நான் சொன்னேன், 'அழி'.
தொண்டை கட்டியிருந்தது.
'ஆழி' என்று எழுதியது.
இன்னொரு முறை.
'ஒழி' என்றது.
அவன்தான் முதலில் சிரித்தான்.

வெந்நீர் வைக்கப் போனான், அதே பூட்ஸோடு.
தரையெல்லாம் பால்டிக்.
கெட்டில் கொதிக்கும்வரை
நானும் அந்த வரிகளும் உட்கார்ந்திருந்தோம்.

குடித்தேன். குரல் வந்தது.
அழி. பூட்ஸ் போயிற்று.
அழி. அக்கா போனாள்.
அழி. காதும், காற்றும்.
கடைசி வரிக்கு வாய் திறந்தபோது
'இரு' என்றான்.

'இரு' என்றொரு கட்டளை
அதன் பட்டியலில் கிடையாது.
நான் வாயை மூடிக்கொண்டேன்.